விமான நிலையம் அருகே குடியிருப்புகள்: இரைச்சல், பாதுகாப்பு மதிப்பாய்வு

விமான நிலையத்தின் அருகே புதிய வீடுகளோ அடுக்குமாடிக் குடியிருப்போ கட்டத் திட்டமிடும்போது, அங்கு குடியேறப் போகிறவர்கள் எவ்வளவு இரைச்சலைத் தாங்க வேண்டியிருக்கும், விபத்து நேர்ந்தால் அவர்களுக்கு எவ்வளவு ஆபத்து, கட்டடம் விமானப் பாதைக்கு இடையூறாக அமையுமா என்பவற்றை முன்கூட்டியே ஆராய்வது நிலப்பயன்பாட்டு இணக்க மதிப்பாய்வு எனப்படுகிறது. பல நாடுகளில் இதற்கான விதிகள் உள்ளன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இதற்கெனத் தனி ஆணையங்களை அமைத்துச் சட்டப்படி நடத்திவருகிறது. இக்கட்டுரை அம்மாநிலத்தின் முறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு மதிப்பாய்வை விளக்குகிறது. இந்தியாவில் உள்ள விதிகள் இறுதியில் சுருக்கமாகத் தரப்பட்டுள்ளன.

இந்த மதிப்பாய்வு கட்டுமானத்துக்கு முன்பு நடந்தால்தான் பயன் தரும். மக்கள் குடியேறிய பிறகு வீடுகளை அகற்றுவதும் ஓடுபாதையை நகர்த்துவதும் பெரும் செலவையும் வழக்குகளையும் கொண்டுவரும். ஆனால் திட்டம் ஆராயப்படும் நாளில் அந்த வீடுகளில் வாழப் போகிறவர்கள் யாரென்றே தெரியாது. நில உரிமையாளர், கட்டுமான நிறுவனம், நகராட்சி, விமான நிலைய நிர்வாகம் ஆகிய தரப்புகள் தமக்காகப் பேசுகின்றன. வருங்காலக் குடியிருப்பாளர்களின் நலனைக் கருத்தில் கொள்வது மதிப்பாய்வு செய்யும் அமைப்பின் பொறுப்பாகிறது.

தோற்றம்

அமெரிக்காவின் பல விமான நிலையங்கள் 1920களிலும் 1930களிலும் ஊருக்கு வெளியே வயல்வெளிகளில் அமைந்தவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நகரங்கள் விரிந்து அவற்றைச் சூழ்ந்தன. 1951 டிசம்பர் முதல் 1952 பிப்ரவரி வரையிலான இரண்டே மாதங்களில் நியூஜெர்சி மாநிலத்தின் எலிசபெத் நகரில் மூன்று பயணிகள் விமானங்கள் விழுந்தன. அருகிலுள்ள நியூவார்க் விமான நிலையத்துடன் தொடர்புடைய இவ்விபத்துகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தம் வீடுகளில் இருந்தவர்களும் அவர்களில் அடங்குவர். மக்களின் எதிர்ப்பால் நியூவார்க் நிலையம் பல மாதங்கள் மூடப்பட்டது.

இதையடுத்து அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன், ஜேம்ஸ் டூலிட்டில் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். 1952இல் வெளியான அக்குழுவின் அறிக்கை, ஓடுபாதையின் முனைக்கு அப்பால் அரை மைல் தூரம் வரை கட்டடங்கள் இல்லாத வெற்று நிலம் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதைத் தாண்டி விசிறி வடிவில் விரியும் பகுதியில் கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றும் கூறியது. இன்றைய பாதுகாப்பு மண்டலங்களின் அடிப்படை இதுவே.

1950களின் இறுதியில் ஜெட் விமானங்கள் வந்தபோது இரைச்சல் தனிச் சிக்கலாக வளர்ந்தது. லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தின் மேற்கே, கடற்கரை மணல்மேட்டில் சர்ஃப்ரிட்ஜ் என்ற குடியிருப்பு இருந்தது. ஜெட் விமானங்கள் கடலை நோக்கிப் புறப்படும் பாதை அதற்கு நேர் மேலே அமைந்தது. 1960களிலும் 1970களிலும் அங்கிருந்த சுமார் 800 வீடுகள் கையகப்படுத்தப்பட்டு அகற்றப்பட்டன. அங்கு தெருக்களின் தடங்கள் எஞ்சியிருந்தன. அந்த மணல்மேடு பின்னர் அழிவின் விளிம்பில் இருந்த எல் செகுண்டோ நீல வண்ணத்துப்பூச்சியின் காப்பிடமாகியது.

கலிபோர்னியா சட்டமன்றம் 1967இல் விமான நிலைய நிலப்பயன்பாட்டு ஆணையங்களுக்கான சட்டத்தை இயற்றியது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1972 செப்டம்பர் 24 அன்று, சாக்ரமெண்டோ நகரின் சிறிய விமான நிலையத்திலிருந்து புறப்பட்ட பழைய போர் ஜெட் ஒன்று மேலெழ முடியாமல் சாலையைக் கடந்து ஒரு ஐஸ்கிரீம் கடைக்குள் பாய்ந்தது. 22 பேர் இறந்தனர். அவர்களில் 12 பேர் குழந்தைகள். கடை அமைந்திருந்தது ஓடுபாதையின் நேர்க்கோட்டில். விமானம் ஏன் விழுந்தது என்பதோடு, விழக்கூடிய இடத்தில் ஏன் இத்தனை பேர் கூடும் கட்டடம் இருந்தது என்ற கேள்வியையும் இந்த விபத்து எழுப்பியது.

நிலத்தைக் கட்டுப்படுத்துவது ஏன்?

இரைச்சலைக் குறைக்க விமானங்களையே கட்டுப்படுத்தலாமே என்று தோன்றலாம். அமெரிக்காவில் இதற்குச் சட்ட எல்லைகள் உள்ளன. மூன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இவ்வகையில் முக்கியமானவை.

1946ஆம் ஆண்டின் காஸ்பி வழக்கு, வடகரோலினாவில் ஒரு கோழிப்பண்ணைக்கு மேலே ராணுவ விமானங்கள் மிகத் தாழ்வாகப் பறந்ததால் எழுந்தது. மிரண்ட கோழிகள் சுவரில் மோதி இறந்தன, பண்ணைத் தொழில் நின்றுபோனது. அடிக்கடி தாழப் பறந்து நிலத்தைப் பயன்படுத்த முடியாமல் செய்வது சொத்தைப் பறிப்பதற்குச் சமம், அதற்கு இழப்பீடு தர வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. 1962ஆம் ஆண்டின் கிரிக்ஸ் வழக்கில், அந்த இழப்பீட்டைத் தர வேண்டியது விமான நிலையத்தை நடத்தும் அமைப்பே என்று தீர்ப்பானது. 1973ஆம் ஆண்டின் பர்பாங்க் வழக்கில், இரவில் ஜெட் விமானங்கள் புறப்படுவதற்கு நகராட்சி விதித்த தடை செல்லாது, வான்வெளி மத்திய அரசின் கட்டுப்பாட்டில் உள்ளது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவற்றின் விளைவாக, பறக்கும் விமானத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மத்திய அரசிடமும், நிலத்தில் என்ன கட்டலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் உள்ளாட்சிகளிடமும் உள்ளன. எனவே வருங்காலக் குடியிருப்பாளர்களைக் காக்க உள்ளாட்சிகளிடம் உள்ள முதன்மையான கருவி நிலப்பயன்பாட்டுத் திட்டமே.

ஆணையத்தின் அமைப்பும் எல்லைகளும்

பொது விமான நிலையம் உள்ள கவுண்டிகளில் இத்தகைய ஆணையம் அமைய வேண்டும் என்பது பொதுவிதி. கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டத்துக்கு இணையான நிர்வாகப் பகுதி. ஆணையத்தில் ஏழு உறுப்பினர்கள் இருப்பர். நகரங்களின் சார்பில் இருவர், கவுண்டியின் சார்பில் இருவர், விமானத் துறை அறிவு உள்ளவர்கள் இருவர், பொதுமக்கள் சார்பில் ஒருவர். சில கவுண்டிகளில் வேறொரு அமைப்பு இப்பணியைச் செய்கிறது. சான் டியேகோவில் வட்டார விமான நிலைய ஆணையமே இப்பொறுப்பை வகிக்கிறது.

ஆணையத்தின் முதன்மைப் பணி ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஓர் இணக்கத் திட்டம் வகுப்பது. குறைந்தது அடுத்த 20 ஆண்டுகளில் விமான நிலையம் எப்படி வளரும் என்பதைக் கணக்கில் கொண்டு அத்திட்டம் அமைய வேண்டும். இன்று நாளொன்றுக்கு 50 விமானங்கள் வரும் இடத்தில் 20 ஆண்டுகள் கழித்து 150 வரக்கூடும் என்றால், வீடுகளை 150 விமானங்களை எண்ணியே அனுமதிக்க வேண்டும் என்பது இதன் பொருள். நிலையத்தின் விளைவுகள் எட்டும் நிலப்பரப்பு ‘தாக்கப் பகுதி’ என வரைபடத்தில் குறிக்கப்படுகிறது.

ஆணையத்துக்கு இரண்டு முக்கிய வரம்புகள் உள்ளன. விமான நிலையத்தின் அன்றாட இயக்கத்தில் அது தலையிட முடியாது. ஏற்கெனவே உள்ள வீடுகளை அகற்றவும் அதற்கு அதிகாரம் இல்லை. இனி வரப்போகும் கட்டடங்களைப் பற்றி மட்டுமே அது முடிவு சொல்ல முடியும்.

இரைச்சல் மதிப்பாய்வு

ஒலியின் அளவு டெசிபலில் கூறப்படுகிறது. இது மடக்கை அளவு. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது, காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகக் கேட்கிறது. ஒரே வகை விமானங்களின் எண்ணிக்கை இரட்டிப்பானால் சராசரி அளவு 3 டெசிபல்தான் கூடும். வரைபடத்தில் 3 டெசிபல் சிறிய வேறுபாடாகத் தெரிந்தாலும், அங்கு வாழ்பவருக்கு அது இரண்டு மடங்கு விமானங்களாக இருக்கக்கூடும்.

கலிபோர்னியாவில் சமூக இரைச்சல் சம அளவு என்ற அலகு பயன்படுகிறது. இது 24 மணி நேர இரைச்சலின் சராசரி. மாலை 7 முதல் இரவு 10 மணி வரை ஏற்படும் இரைச்சலுடன் ஏறத்தாழ 5 டெசிபலும், இரவு 10 முதல் காலை 7 மணி வரை ஏற்படும் இரைச்சலுடன் 10 டெசிபலும் கூட்டிக் கணக்கிடுவர். மக்கள் ஓய்வெடுக்கும், உறங்கும் நேரத்தில் இரைச்சல் கூடுதலாகத் துன்புறுத்தும் என்பதே காரணம். இதன்படி இரவில் செல்லும் ஒரு விமானம் பகலில் செல்லும் பத்து விமானங்களுக்குச் சமம். பகலில் 100 விமானங்கள் வரும் நிலையத்தில் இரவு விமானங்கள் பத்தே இருந்தாலும், கணக்கில் அந்தப் பத்தும் பகலின் நூறுக்கு நிகராகும். அதனால்தான் இரவுச் சரக்கு விமானங்கள் வரும் நிலையங்களின் இரைச்சல் எல்லை எதிர்பார்ப்பதைவிடப் பெரிதாக அமைகிறது.

இந்தச் சராசரி ஒரே அளவாக உள்ள இடங்களை இணைத்து வரைவது சம இரைச்சல் கோடு. மாநில விதிகள் 65 டெசிபலைக் குடியிருப்புகளுக்கான ஏற்கத்தக்க எல்லையாகக் கொள்கின்றன. மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகமும் 65 என்ற எண்ணையே பின்பற்றுகிறது. ஆனால் அதன் அலகில் மாலை நேரக் கூட்டல் இல்லை. அமைதியான ஊர்ப்புற நிலையங்களுக்கு 60 அல்லது 55 டெசிபலை எல்லையாக வைக்கும் இணக்கத் திட்டங்களும் உண்டு.

65 என்பது தொல்லை தொடங்கும் இடம் அல்ல. மத்திய நிர்வாகம் 20 விமான நிலையங்களைச் சுற்றி வாழும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2021இல் வெளியாயின. பழைய கணக்கின்படி 65 டெசிபலில் சுமார் 12 சதவீதத்தினர் கடும் எரிச்சல் அடைவர் என்று கருதப்பட்டிருந்தது. புதிய ஆய்வில் அது 60 சதவீதத்துக்கும் மேல் இருந்தது. உலக சுகாதார அமைப்பு 2018இல் ஐரோப்பாவுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல், விமான இரைச்சலின் பகல்-மாலை-இரவு சராசரி 45 டெசிபலுக்குக் கீழும், இரவு இரைச்சல் 40 டெசிபலுக்குக் கீழும் இருக்கப் பரிந்துரைக்கிறது.

குழந்தைகளின் கல்வி மீதான விளைவும் ஆராயப்பட்டுள்ளது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1992இல் பழைய விமான நிலையம் மூடப்பட்டுப் புதியது வேறிடத்தில் திறக்கப்பட்டது. பழைய நிலையத்தின் அருகே வாழ்ந்த குழந்தைகளின் நினைவாற்றலும் வாசிப்புத் திறனும் அது மூடப்பட்டபின் மேம்பட்டன. புதிய நிலையத்தின் அருகே இருந்த குழந்தைகளிடம் அவை பின்னடைந்தன.

ஒலிக்காப்பு

வீட்டுக்குள் இரைச்சல் 45 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது கலிபோர்னியாவின் கட்டட விதி. வெளியே 63 டெசிபல் என்றால் சுவர், கூரை, ஜன்னல் எல்லாம் சேர்ந்து 18 டெசிபலைக் குறைக்க வேண்டும். ஜன்னல்களை மூடினால் பெரும்பாலான புதிய கட்டடங்களில் இது இயலும். திறந்தால் இயலாது. ஆகவே ஜன்னலைத் திறக்காமலே காற்று வரும்படி இயந்திரக் காற்றோட்டம் அமைக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்க்கப்படுகிறது. கட்டடத்தில் ஒலி எளிதாக நுழையும் இடங்கள் ஜன்னலும் கதவும் காற்றுத் துளைகளுமே. இரட்டைக் கண்ணாடி ஜன்னல், இடைவெளி இல்லாத கதவு, வளைவான காற்றுக் குழாய் ஆகியவை இதற்குப் பயன்படுகின்றன. ஆனால் பால்கனிக்கும் மொட்டைமாடிக்கும் குழந்தைகள் விளையாடும் முற்றத்துக்கும் எந்த ஒலிக்காப்பும் உதவாது.

பாதுகாப்பு மதிப்பாய்வு

பாதுகாப்புக் கேள்வி இயல்பில் வேறுபட்டது. இரைச்சல் நாள்தோறும் எல்லோரையும் தொடுவது. விபத்து அரிதாக நிகழ்வது, நிகழ்ந்தால் பேரிழப்பு. இரைச்சலைத் தடித்த கண்ணாடியால் ஓரளவு தடுக்கலாம். விழும் விமானத்தை எந்தச் சுவரும் தடுக்காது. ஆகவே இங்கு கையாளக்கூடியவை இரண்டே: ஓடுபாதையிலிருந்து உள்ள தூரமும், ஓரிடத்தில் கூடும் மக்களின் எண்ணிக்கையும்.

விபத்துகளில் பெரும்பகுதி புறப்படும்போதும் இறங்கும்போதும் நிகழ்கிறது. முந்தைய விபத்துகளில் விமானங்கள் எங்கெங்கு விழுந்தன என்பதை வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது, ஓடுபாதையின் முனைகளிலும் அதன் நேர்க்கோட்டிலும் அவை செறிந்திருந்தன. இதை அடிப்படையாகக் கொண்டு மாநிலப் போக்குவரத்துத் துறையின் 2011ஆம் ஆண்டுக் கையேடு ஆறு மண்டலங்களைப் பரிந்துரைக்கிறது.

1. ஓடுபாதைப் பாதுகாப்பு மண்டலம்: ஓடுபாதை முனையை ஒட்டிய பகுதி. புதிய வீடுகளுக்கு இடமில்லை. நிலம் வெறுமையாக இருப்பதே நல்லது.
2. உள் அணுகு மண்டலம்: விமானம் மிகத் தாழ்வாகச் செல்லும் பகுதி. கிராமப்புறங்களில் 10 ஏக்கர் அல்லது அதற்கு மேற்பட்ட நிலத்துக்கு ஒரு வீடு போன்ற மிகக் குறைந்த அடர்த்தி மட்டுமே ஏற்கப்படுகிறது.
3. உள் திரும்பு மண்டலம்: புறப்பட்ட சிறு விமானங்கள் தாழ்ந்த உயரத்தில் திரும்பும் பகுதி.
4. வெளி அணுகு மண்டலம்: ஓடுபாதையின் நேர்க்கோட்டில் இன்னும் தொலைவில் உள்ள பகுதி.
5. பக்க மண்டலம்: ஓடுபாதையின் இரு பக்கமும் உள்ள பகுதி.
6. சுற்றுப்பாதை மண்டலம்: விமானங்கள் வட்டமிடும் பரந்த பகுதி. ஆபத்து குறைவு என்பதால் வீடுகளுக்குப் பொதுவாகத் தடையில்லை. பெருங்கூட்டம் கூடும் அரங்குகளைத் தவிர்ப்பது நல்லது.

பள்ளிகள், மருத்துவமனைகள், முதியோர் இல்லங்கள் ஆகியவற்றுக்கு விதிகள் கூடுதல் கடுமையாக உள்ளன. அங்கிருப்பவர்கள் விரைந்து வெளியேற முடியாதவர்கள் என்பதே காரணம்.

சிறு விமான நிலையங்களில் திறந்த வெளிக்குத் தனி மதிப்பு உண்டு. ஒற்றை எஞ்சின் விமானம் புறப்பட்ட சில நொடிகளில் எஞ்சின் நின்றுவிட்டால், விமானி தனக்கு முன்னே உள்ள வெற்று நிலத்தைத்தான் தேடுவார். சுமார் அரை ஏக்கர் அளவுள்ள தடையற்ற நிலம்கூட உயிர்காக்கும் இறங்குதளமாகலாம். எனவே ஒரு மனையில் வீடுகளைச் சமமாகப் பரப்புவதற்குப் பதிலாக, ஒரு பக்கமாகச் சேர்த்துக் கட்டி மறுபக்கத்தைத் திடலாக விடும்படி கூறுவதும் உண்டு.

கட்டட உயரம்

வீடு விமானத்துக்கு ஆபத்தாகவும் அமையக்கூடும். மத்திய விதிகளின் 77ஆம் பகுதி, 200 அடிக்கு மேற்பட்ட எந்தக் கட்டுமானத்துக்கும் முன்னறிவிப்பு தேவை என்கிறது. நீண்ட ஓடுபாதைகளிலிருந்து 20,000 அடிக்குள், ஓடுபாதையிலிருந்து தூரம் 100 அடி கூடக்கூட 1 அடி உயரும் கற்பனைச் சரிவைத் தாண்டும் கட்டடங்களுக்கும் அறிவிப்பு தேவை. கட்டுமானத்துக்கு நிறுத்தும் கிரேனும் இதில் அடங்கும்.

மத்திய நிர்வாகம் ஒரு கட்டடத்தை ‘ஆபத்து’ என்று அறிவிக்கலாமே தவிர, கட்டுவதைத் தடுக்க முடியாது. தடுக்கும் அதிகாரம் உள்ளாட்சியிடம் உள்ளது. சான் டியேகோவின் மாண்ட்கோமரி ஃபீல்ட் விமான நிலையத்தின் அருகே 180 அடி உயரத்தில் எழுந்த அலுவலகக் கட்டடம் ஒன்றை 2006இல் மத்திய நிர்வாகம் ஆபத்து என்று அறிவித்தது. 160 அடிக்கு மேல் போகக்கூடாது என்பது அதன் நிலைப்பாடு. நகராட்சியுடனான சச்சரவுக்குப் பின் 2007இல் கட்டடத்தின் மேற்பகுதி இடிக்கப்பட்டு உயரம் குறைக்கப்பட்டது.

மதிப்பாய்வு நடைபெறும் விதம்

ஒரு கற்பனைத் திட்டத்தைக் கொண்டு இதைப் பார்க்கலாம். ஓடுபாதை முனையிலிருந்து 2.5 கிலோமீட்டர் தொலைவில், பழைய கிடங்குகள் இருந்த நிலத்தில் 180 வீடுகள் கொண்ட நான்கு மாடிக் குடியிருப்பு கட்ட ஒரு நிறுவனம் விண்ணப்பிக்கிறது.

முதலில், நிலம் தாக்கப் பகுதிக்குள் உள்ளதா என்று வரைபடம் பார்க்கப்படும். கிடங்கு நிலத்தைக் குடியிருப்பு நிலமாக மாற்ற வேண்டியிருப்பதால், நகராட்சி அந்த மாற்றத்தை ஆணையத்துக்கு அனுப்பியாக வேண்டும். முழுமையான விண்ணப்பம் கிடைத்த 60 நாட்களுக்குள் ஆணையம் முடிவு சொல்லாவிட்டால், திட்டம் இணக்கமானதாகவே கருதப்படும்.

அடுத்தது இரைச்சல். மனையின் பெரும்பகுதி 63 டெசிபலிலும், கிழக்கு மூலை மட்டும் 66 டெசிபலிலும் உள்ளது என்று கொள்வோம். அந்த மூலையில் வீடு வேண்டாம், அங்கே வாகன நிறுத்துமிடம் அமையட்டும் என்று கூறலாம். மற்ற பகுதிக்கு ஒலிக்காப்பும் காற்றோட்ட வசதியும் நிபந்தனையாகும்.

பின்னர் பாதுகாப்பு மண்டலம். நிலம் ஆறாம் மண்டலத்தில் இருந்தால் அடர்த்திக்குத் தடையில்லை. நான்காம் மண்டலத்தில் இருந்தால் 180 வீடுகள் ஏற்கப்படுவது கடினம். எவ்வளவு தடித்த கண்ணாடி போட்டாலும் இந்த முடிவு மாறாது.

கடைசியாக உயரம். 2.5 கிலோமீட்டர் தொலைவில் கற்பனைச் சரிவு ஓடுபாதை மட்டத்திலிருந்து 25 மீட்டர் உயரத்தில் இருக்கும். சமதளத்தில் நான்கு மாடிக் கட்டடம் அதற்குள் அடங்கும். 30 மீட்டர் கிரேன் அடங்காது, அதற்கு மத்திய நிர்வாகத்துக்கு முன்னறிவிப்பு தர வேண்டும்.

இவற்றின் முடிவில் திட்டம் ‘இணக்கமானது’, ‘நிபந்தனையுடன் இணக்கமானது’, ‘இணக்கமற்றது’ என மூன்றில் ஒன்றாகத் தீர்மானிக்கப்படும்.

முடிவை மீறும் அதிகாரம்

ஆணையம் ‘இணக்கமற்றது’ என்று கூறுவதோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. நகராட்சி மன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளுடன் அம்முடிவை மீறித் திட்டத்தை அனுமதிக்கலாம். அதற்கு 45 நாட்களுக்கு முன்பே, தன் காரணங்களுடன் ஆணையத்துக்கும் மாநில விமானப் போக்குவரத்துப் பிரிவுக்கும் தெரிவிக்க வேண்டும். திட்டம் சட்டத்தின் நோக்கத்துக்கு ஏற்றதுதான் என்று குறிப்பான காரணங்களைப் பதிவு செய்யவும் வேண்டும்.

இவ்வாறு மீறும்போது பொறுப்பும் இடம் மாறுகிறது. விமான நிலையத்தை வேறொரு அமைப்பு நடத்துமானால், மீறல் முடிவால் விளையும் சொத்துச் சேதத்துக்கும் உடல்காயத்துக்கும் அந்த அமைப்பு பொறுப்பாகாது என்று சட்டம் கூறுகிறது.

வாங்குபவருக்கு அறிவிப்பு

தாக்கப் பகுதிக்குள் உள்ள வீட்டை விற்கும்போது, அருகில் விமான நிலையம் உள்ளது, இரைச்சல், அதிர்வு, வாடை போன்ற தொல்லைகள் இருக்கக்கூடும் என்று வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 2004 முதல் நடைமுறையில் உள்ளது. சில இடங்களில் நிலத்தின் மேல் விமானங்கள் பறக்கவும் இரைச்சல் எழுப்பவும் உரிமையாளர் ஒப்புக்கொள்ளும் ஆவணம் பத்திரத்துடன் பதிவாகிறது. நிலம் கைமாறினாலும் அது தொடரும். அறிவிப்பு இரைச்சலை ஒரு டெசிபல்கூடக் குறைப்பதில்லை. தெரிந்து முடிவெடுக்கும் வாய்ப்பை மட்டுமே அது தருகிறது. வாடகைக்கு வருபவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அந்த வாய்ப்பும் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

விவாதங்கள்

கலிபோர்னியாவில் வீட்டுத் தட்டுப்பாடு கடுமையானது. எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு நகரத்துக்கும் இத்தனை வீடுகளுக்கு இடம் காட்ட வேண்டும் என்று இலக்கு தரப்படுகிறது. கட்டுமானத்துக்கு எஞ்சியுள்ள நிலங்களில் சில விமானப் பாதையின் கீழ் உள்ளன. வேலைக்கு அருகே வீடு கிடைக்காமல் நாள்தோறும் நெடுஞ்சாலையில் பயணம் செய்வதிலும் விபத்து ஆபத்து உண்டு, அதை ஆணையம் கணக்கில் கொள்வதில்லை என்பது ஒரு தரப்பின் வாதம். மலிவான நிலத்தில் எழும் வீடுகளுக்கு வருமானம் குறைந்தவர்களே வருகிறார்கள், இரைச்சலின் சுமையை மீண்டும் அவர்கள்மீதே ஏற்றுவது நியாயமல்ல என்பது மறுதரப்பின் வாதம்.

மற்றொரு விவாதம் சம இரைச்சல் கோட்டைப் பற்றியது. புதிய விமானங்கள் பழையவற்றைவிட அமைதியானவை. அதனால் பல நிலையங்களில் 65 டெசிபல் கோடு உள்நோக்கிச் சுருங்கியுள்ளது. கோட்டுக்கு வெளியே வந்த நிலத்தில் வீடு கட்டலாம் என்ற கோரிக்கை உடனே எழுகிறது. பின்னர் விமானங்களின் எண்ணிக்கை கூடிக் கோடு மீண்டும் விரிந்தால், அந்த வீடுகள் உள்ளே சிக்கிவிடும். 20 ஆண்டுக் கணிப்பைச் சட்டம் வலியுறுத்துவதற்கான காரணம் இதுவே.

இந்தியாவில்

இந்தியாவில் விமான நிலையங்களின் அருகே கட்டட உயரத்தை 2015ஆம் ஆண்டின் உயரக் கட்டுப்பாட்டு விதிகள் நெறிப்படுத்துகின்றன. இந்திய விமான நிலைய ஆணையம் வண்ண மண்டல வரைபடங்களை வெளியிட்டுள்ளது. வரைபடம் கோரும் இடங்களில் கட்டுவோர் அந்த ஆணையத்திடம் தடையின்மைச் சான்று பெற வேண்டும். சென்னை மீனம்பாக்கத்தைச் சுற்றியுள்ள பல்லாவரம், பம்மல் போன்ற பகுதிகளில் வீடு கட்டுவோருக்கு இச்சான்று பழகிய ஒன்று.

இரைச்சலுக்கு 2018இல் மத்திய அரசு தனி அளவுகளை அறிவித்தது. ஆண்டுக்கு 50,000க்கும் மேற்பட்ட விமான இயக்கங்கள் உள்ள நிலையங்களுக்குப் பகலில் 70, இரவில் 65 டெசிபல் என்றும், மற்றவற்றுக்குப் பகலில் 65, இரவில் 60 டெசிபல் என்றும் அவை அமைந்தன.

உயரச் சான்று எதைக் காக்கிறது என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். கட்டடத்தால் விமானத்துக்கு ஆபத்து வராது என்பதை அது உறுதி செய்கிறது. விமானத்தால் கட்டடத்தில் இருப்பவருக்கு என்ன ஆபத்து, அங்கே எவ்வளவு இரைச்சல் என்ற கேள்விகளுக்கு அதில் பதில் இல்லை. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்திலிருந்து புறப்பட்ட பயணிகள் விமானம் மருத்துவக் கல்லூரி விடுதிக் கட்டடங்கள்மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 241 பேருடன் தரையில் இருந்த 19 பேரும் இறந்தனர். விழுந்த இடத்தில் மாணவர்கள் உண்ணும் கூடமும் மருத்துவர்கள் வாழும் வீடுகளும் இருந்தன. உயரம் ஓர் அளவுகோல் மட்டுமே. ஓடுபாதையின் நேர்க்கோட்டில் எத்தனை பேர், எத்தகையோர் வாழலாம் என்பது அதனோடு சேர்த்து, கட்டுவதற்கு முன்பே கேட்கப்பட வேண்டிய தனிக் கேள்வி.